நானூற்றுப் பன்னிரண்டாம் அடி

தண்ணீரைத் தனப்பிரியா ஒருத்திதான் பார்த்திருந்தாள்.

முந்தின நாள் உச்சிவெயிலில், மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே நாச்சிமுத்துவின் தென்னந்தோப்பில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலையோடு போர்த்தி, லேப்டாப்பையும் அந்த இருட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே வைத்தால் திரையில் தன் முகம்தான் தெரியும். பக்கத்தில், ஆழ்துளைக் கிணறுகளுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் தொழிலில் அவளுக்குக் கூட்டாளியான அண்ணன் ஜெகதீஸ்வரன் கேபிள் உருளையை மெல்ல மெல்லச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். கேபிளின் நுனியில் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கேமரா, தனக்கான வெளிச்சத்தைத் தானே சுமந்துகொண்டு, கைவிட்டுப்போன ஆறரை இஞ்ச் ஆழ்துளைப் போருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நூறு அடி, இருநூறு அடி, கரும்பாறை, நடுவே மின்னும் வெள்ளைக்கல் கோடுகள், மறுபடியும் கரும்பாறை. கப்பல்களும் பனிக்காடுகளும் நிறைந்த மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்தே வளர்ந்தவளுக்கு, தான் இருப்பது ஒரு தென்னந்தோப்பு என்பது எப்போதோ மறந்துபோயிருந்தது. யாரும் இறங்காத ஒரு தேசத்துக்குள் அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டாவது அடியில் பாறை வாய் பிளந்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து தண்ணீர், கேமராவையே ஒரு பக்கமாகத் தள்ளும் வேகத்தில், பீய்ச்சிக்கொண்டு வந்தது.

நாச்சிமுத்துவும் அவர் மனைவி பாவாயியும் அந்நேரம் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்கள். தனப்பிரியா போன் போட்டு மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாச்சிமுத்து அசரவில்லை. மூன்று வருஷமாக அந்தப் போரில் மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது, தோப்பில் பாதி மரம் மொட்டையாகிவிட்டது, தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறவர் வந்து புது இடம் காட்டிவிட்டுப் போய்விட்டார், துளைபோடும் ரிக் வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது என்று அடுக்கினார். கேமரா விட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டதே பாவாயியின் பிடிவாதத்துக்காகத்தானாம். கடைசியில், "கண்ணுல காட்டு சாமி, நம்புறேன்," என்று சொல்லிப் போனை வைத்தார்.

காட்டுவதற்கு இருந்தது ஒரே ஒரு வீடியோ. திரையைப் போனில் படமெடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு தீற்றல்தான் விழுந்தது. மறுபடி இறக்கலாம் என்றால் கேமராவும் இல்லை. மேலே இழுக்கும்போது போரின் வாயில் பதித்த கேசிங் குழாயின் விளிம்பில் மாட்டி உரசி, மேலே வழிந்த தண்ணீர் உள்ளே புகுந்து, விளக்கு செத்துப்போயிற்று. அன்று சாயங்காலமே ஜெகதீஸ்வரன் அதைக் கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டான். திரும்பி வர ஒரு வாரம் ஆகும்.

மறுநாள் புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்கு முன்னால் புது இடத்தில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தேங்காய் உடைத்த இடத்தில் ரிக் இறங்காமல் திரும்பிப்போனதாக அந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பூஜை போட்டால் போட்டதுதான். அதற்கப்புறம் தண்ணீர் வந்தாலும் வெறும் கல்தூள் புகைதான் வந்தாலும் துளைத்தே ஆக வேண்டும். பழைய போரைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடுவதாகவும் பேச்சு.

அண்ணனும் தங்கையும் காலையில் ஒன்பதரைக்கே பொலிரோவில் தோப்புக்கு வந்துவிட்டார்கள். ரிக் அவர்களுக்கும் முன்னால் வந்து நின்றிருந்தது. ரிக் வண்டியும் அதன் பின்னால் கம்ப்ரசர் வண்டியுமாக, திருச்செங்கோட்டிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்தன. மேனேஜர் வீரபாகு, காதில் பஞ்சு வைத்த கனத்த மனிதர், ஜாக்கி இறக்கி வண்டியை மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனப்பிரியா மோட்டார் ரூமுக்குள் போய், லேப்டாப்புக்குக் கரண்ட் கொடுத்து, பென்டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தினாள். அந்த லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் ஆடி மாதமே உயிரை விட்டிருந்தது. புதிதாக வாங்குவதற்குப் பதில், முழு கம்ப்யூட்டரையும் ஒரு பென்டிரைவுக்குள் அவளே குடிவைத்திருந்தாள். அதில் இரண்டு அறைகள். முதலாவதில் இருப்பது லினக்ஸ். அது எத்தனை தடவை போட்டாலும் அன்றைக்குத்தான் பிறந்ததுபோல எழுந்திருக்கும், எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஞாபகங்களுக்காக அவள் ஒதுக்கியது இரண்டாவது அறை. சேமித்த வீடியோக்கள், தமிழ் கீபோர்டு, கேமராவுக்கான மென்பொருள் எல்லாம் அங்கே போய்ச் சேரும். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் அந்த அறையைத் தேடித் திறந்துகொள்ளும். மூன்று மாதமாக ஒரு நாளும் தவறாமல் திறந்துகொண்டது.

இன்றைக்குத் திறக்கவில்லை. வந்து நின்ற திரை யாரோ அந்நியருடையதாக இருந்தது. அவள் வைத்திருந்த கடல் படம் இல்லை. தமிழ் கீபோர்டு இல்லை. 'முதன்முறையாக வந்திருக்கிறீர்களா' என்கிற மாதிரி ஒரு வரவேற்புப் பெட்டி ஆங்கிலத்தில் சிரித்தது. வீடியோ கோப்புறையைத் திறந்தாள். காலி.

அண்ணனைக் கூப்பிடாமல், முதலில் தன்னைத்தானே ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். தொடக்கப் பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்திருக்கலாம். அணைத்து மறுபடி போட்டாள், பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். அதே அந்நியத் திரை. ஞாபக அறையைத் தேடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு சொல்லைத் தொடக்கக் கட்டளையில் அவள் கையாலேயே சேர்த்திருந்தாள். அது அழிந்துபோயிருக்குமோ? மூன்றாவது தடவை போட்டு, கட்டளையை விரித்து, எழுத்தெழுத்தாகப் படித்தாள். சொல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒருவேளை பென்டிரைவே மாறிப்போயிற்றோ? பொலிரோவில் பாட்டு கேட்பதற்காக அண்ணன் இதே கறுப்பு நிறத்தில் இன்னொன்று வைத்திருந்தான். எட்டிப் பார்த்தாள். அது வண்டியில் சாமி பாட்டு பாடிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குள் மணி பத்தரை. பாவாயி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து, படம் ரெடியா என்று கேட்டாள். ரெடி பண்ணிக்கொண்டிருக்கிறேன் அத்தை என்றபோது தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது. பாவாயி போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பழைய போரைப் போட்ட வருஷம் அவள் கையால் நட்ட மரங்கள்தான் இந்தத் தோப்பு என்று மட்டும் சொன்னாள். அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது தனப்பிரியாவுக்கு.

விஷயம் தெரிந்ததும் ஜெகதீஸ்வரன் பதறி, வீரபாகுவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பில் போடுவதற்காக அவர் கேபினில் ஒரு விண்டோஸ் லேப்டாப் வைத்திருந்தார். நல்ல மனதோடு அதைக் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்து, பென்டிரைவை வாங்கிச் செருகினார். சட்டென்று ஒரு பெட்டி எழுந்தது: இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?

"அதுவே கேக்குதுங்களே, என்னமோ சரி பண்ணித் தாரேன்னு," என்று வீரபாகு பொத்தானுக்கு அம்பைக் கொண்டுபோனார்.

தனப்பிரியா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ரிக் மேனேஜர் ஒருவரின் கையை இருபத்துமூன்று வயதுப் பெண் எட்டிப் பிடிப்பது அந்தப் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை.

"அழுத்தீராதீங்க மாமா. அழுத்துனா ஊட்டைத் தொடச்சுட்டுச் சாவிய கையில குடுக்கற மாதிரி."

அவர் கையை எடுத்துக்கொண்டார். கோபப்படவில்லை, இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டி கேட்கும்போதெல்லாம் தான் சரி சரி என்றுதான் அழுத்தி வந்திருப்பதாகக் கொஞ்சம் கவலையோடு சொன்னார்.

ஆனால் அந்தப் பெட்டி அவளுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. பென்டிரைவில் தனக்குப் படிக்கத் தெரியாத ஓர் அறை இருக்கிறது என்று விண்டோஸ் சொல்லியிருந்தது. படிக்கத் தெரியாதது வேறு, காலியாக இருப்பது வேறு. அப்படியானால் அறை இடியவில்லை. அங்கேயேதான் இருக்கிறது. 

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்து தன் லேப்டாப்பில் மறுபடி போட்டாள். அந்நியத் திரை வந்து சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டாள். டிரைவ்களைப் பிரித்துக் காட்டும் கருவியைத் திறந்தாள். இரண்டு கட்டங்கள் வரைந்து காட்டியது. சின்னக் கட்டம், லினக்ஸ். பெரிய கட்டம், இருபத்தேழு ஜிபி. அதைத் திறக்கச் சொன்னதும் திறந்துகொண்டது. பதினொன்று நிரம்பியிருப்பதாக ஓர் எண்ணும் எழுந்து நின்றது. பதினொன்று! ஒன்றுமே தொலையவில்லை. பெரிய கட்டத்தின் மேல் அதன் பெயர் எழுதியிருந்தது. அதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வழியில் முட்டிக்கொண்டு வந்தன.

பொன்காளியம்மன் என்று ஆங்கில எழுத்தில் இருந்தது.

அவள் அதற்கு வைத்திருந்த பெயர் ரைட்டபிள், எழுதத்தக்கது என்று பொருள். அழகான பெயர் இல்லைதான். ஆனால் லினக்ஸ் எழும்போது அந்தப் பெயருள்ள அறை எங்கே என்றுதான் தேடும். அந்தப் பெயரில் அறை இல்லாவிட்டால், ஞாபகமே இல்லை என்று முடிவுகட்டி, பிறந்த குழந்தையாக எழுந்து உட்கார்ந்துவிடும். அறை பக்கத்திலேயே இருந்திருக்கிறது. வாசலில் வேறு பெயர்ப்பலகை.

அவள் மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள். ஜெகதீஸ்வரன் தன் காலடியில் ஏதோ தேடத் தொடங்கியிருந்தான். பொலிரோவின் நெற்றியில் பொன்காளியம்மன் துணை. கேபிள் உருளையில், முக்காலியில், சாப்பாட்டுக் கேரியரின் மூடியில் என்று பெயிண்ட் பிடிக்கும் எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. அவன் ஒருவன் மட்டும் அப்படி இல்லை. அந்தப் பக்கத்தில் லாரி, ரிக், கோழிப்பண்ணை, நெல் மெஷின் எதுவானாலும் குலதெய்வத்தின் பெயர் ஏறிய பிறகுதான் அது வேலைக்கே கிளம்பும்.

"நேத்துச் சாயந்தரமா?" என்றாள்.

"தண்ணியக் காட்டிருக்குது. பேரு வெக்காம எப்படி வெச்சிருக்கறது பிரியா? அதுல என்னமோ ரைட்டபிள்னு கெடந்துச்சு. கம்பெனிக்காரன் போட்ட பேருன்னு நெனச்சேன்."

"பெயிண்ட்ல மேல எழுதியிருக்கலாமல்ல?"

"அவ்வளவூண்டுல எங்கெ எழுதறது?"

வாசற்படியில் இருந்த பாவாயி குலுங்கிச் சிரித்துவிட்டாள். பெயரை எப்படி மாற்றினாய் என்று கேட்கத் தனப்பிரியாவுக்கு நேரமில்லை. பொத்தான் எங்கே இருக்கிறது என்று மூன்று மாதமாகத் தன் தோளுக்குமேல் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான் போலும். மாற்றிய நேரத்தில் எல்லாம் ஒழுங்காகவே ஓடியிருக்கும், திறந்த அறை திறந்தபடியே இருந்திருக்கும். அணைத்துப் போட்டபோதுதான் வழி தெரியாமல் போயிருக்கிறது.

மணி பதினொன்று நாற்பது. தோப்புக்குள்ளிருந்து நாச்சிமுத்து கூப்பிடும் குரல் கேட்டது. பழைய பெயருக்கே மாற்றி, அணைத்து, மறுபடி போட்டு எழுப்பினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். அவள் விரல் அந்தப் பெயரின்மேல் போனதும், பூஜை நேரத்தில் அம்மன் பெயரை அழிப்பதா என்று ஜெகதீஸ்வரன் முனகினான். அவள் நின்றாள். அம்மனுக்காக இல்லை. இந்தப் பழைய லேப்டாப் அணைந்து எழுந்திருக்க ஆறேழு நிமிஷம் தின்னும். அறைதான் ஏற்கெனவே திறந்துகிடக்கிறதே, லினக்ஸ் வந்து அழைத்துப்போகும் என்று எதற்குக் காத்திருக்க வேண்டும்? தானே உள்ளே நடந்து போகலாம்.

போனாள். உள்ளே இரண்டு கோப்புறைகள். மேலடுக்கு என்ற பொருளில் பெயர் கொண்டதைத் திறந்தாள். அதற்குள் ஹோம், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. நேற்று கேமரா இறங்கிய மாதிரியே இருந்தது; ஒவ்வொரு கோப்புறைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டு விலகியது. கடைசியில் வீடியோக்கள். நேற்றைய தேதி. முப்பத்தெட்டு நிமிஷம்.

லேப்டாப்பைக் கரண்டிலிருந்து பிடுங்கி, மூடாமல், இரண்டு கையிலும் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு அவள் ஓடினாள். பாட்டரி பழசு; இரண்டு மணி நேரம் கரண்டில் கிடந்தும் எட்டு சதவீதம்தான். தென்னை மட்டைகள் காலில் இடறின. பின்னால் அண்ணன், அவனுக்குப் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வீரபாகு, எல்லோருக்கும் பின்னால் சேலையைச் சொருகிக்கொண்டு பாவாயி.

புது இடத்தில் மஞ்சள் பிள்ளையார், வெற்றிலைபாக்கு, பழம். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, தேங்காயைக் கையில் வைத்து, அதன்மேல் கற்பூரத்தையும் வைத்துவிட்டார். தீப்பெட்டி மட்டும் பாக்கி. ஒரு நிமிஷம் மாமா என்று தனப்பிரியா கேட்டதற்கு, அந்த ஒரு நிமிஷத்தைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறாய், நேரம் போகிறது என்று பொறுமையாகவே சொன்னார். தீக்குச்சியை எடுத்தார்.

பாவாயி வந்து அவர் கையிலிருந்த தேங்காயைக் கற்பூரத்தோடு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். "மொதல்ல இதைப் பாக்கோணும். அப்பறம் வேணுமுன்னா நானே ஒடச்சுத் தாரேன்."

நாச்சிமுத்து தீக்குச்சியோடு நின்றார். பிறகு அவரும் குந்தினார்.

எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். தனப்பிரியா துப்பட்டாவை அவிழ்த்து எல்லோர் தலைக்கும் மேலாக இழுத்துப் பிடிக்க, ஜெகதீஸ்வரன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். பாட்டரி ஆறு. முதல் அடியிலிருந்து ஓட்ட வழியில்லை. எத்தனையாவது நிமிஷம் என்று ஞாபகமில்லாமல் அவள் தாவினாள்; முந்நூற்று எண்பது, அதிகம் தாவி நானூற்று முப்பது, பின்வாங்கி நானூற்று ஒன்பது. திரையின் மூலையில் அடிக்கணக்கு ஏறியது. பத்து. பதினொன்று. கரும்பாறையில் ஒரு கீறல் தெரிந்து, அகன்று, இருட்டான வாயாயிற்று. வெளிச்சம் பட்டதும் அந்த வாயிலிருந்து தண்ணீர் வெள்ளிக் கம்பிகளாகக் குதித்து வந்து கேமராவின்மேல் மோதியது. படம் ஆடியது. நாச்சிமுத்து தன்னையறியாமல் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், தன்மேல் தெறித்துவிடும்போல.

படம் இன்னும் கீழே இறங்கியது. நானூற்று நாற்பத்தேழாவது அடியில் கேமரா களிமண் சேற்றில் முட்டி நின்றது.

"எத்தனை அடி போட்ட போருங்க இது?" என்று வீரபாகு கேட்டார்.

எழுநூற்று எண்பது என்றார் நாச்சிமுத்து.

வீரபாகு விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டார். அப்படியானால் கீழே முந்நூறு அடிக்கு மேல் சேறு அடைத்துக் கிடக்கிறது. ஊற்று சாகவில்லை, வருகிற தண்ணீர் நிற்க இடமில்லாமல் எங்கேயோ வழிந்துபோகிறது. மோட்டாரும் அதனால்தான் காற்றை இழுத்திருக்கும் என்றார். ஆனால் அதைச் சொல்லும்போதுகூட அவர் கண் திரையை விட்டு அசையவில்லை. அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். வெள்ளிக் கம்பிகள் மறுபடி குதித்தன.

"இருவத்தஞ்சு வருசமாப் போர் போடறேனுங்க," என்றார், யாரிடம் என்றில்லாமல். "எத்தனை ஆயிரம்னு எனக்கே தெரியாது. உள்ளுக்குள்ள எப்படி இருக்குமுன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

திரை அணைந்தது. பாட்டரி தீர்ந்திருந்தது. துப்பட்டா விலகியதும் வெயில் கண்ணைக் குத்தியது.

நாச்சிமுத்து வீரபாகுவைப் பார்த்தார். புதுப் போர் என்றால் ஆயிரம் அடிக்கு ரிக் ஓடும், அத்தனைக்கும் வீரபாகுவுக்குக் கூலி. பழையதைக் காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் அரைநாள் வேலை. முடிவை வீரபாகு வாயிலிருந்தே கேட்க விரும்பினார் போலிருந்தது. வீரபாகு பஞ்சைக் காதிலிருந்து எடுத்தார். "அடிச்சுப் பாத்துருவமுங்க. நானும் பாக்கோணும்."

பாவாயி எழுந்தாள். மடியிலிருந்த தேங்காயைக் கணவர் கையில் கொடுத்து, பழைய போர் இருந்த திசையைக் கண்ணால் காட்டினாள். மஞ்சள் பிள்ளையாரை ஜெகதீஸ்வரன் இலையோடு தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினான். மணி பதினொன்று ஐம்பத்தாறுக்கு, துருப்பிடித்த கேசிங் குழாயின் பக்கத்தில், தேங்காய் இரண்டாகப் பிளந்தது.

ரிக்கை முப்பதடி நகர்த்தி, மட்டம் பார்த்து, குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி முடிக்க மூன்று மணியாகிவிட்டது. கம்ப்ரசர் உறுமத் தொடங்கியதும் தோப்பில் இருந்த காகம் குருவி எல்லாம் கிளம்பிப் போயின. முதலில் வெறும் காற்று. பிறகு புளித்த வாடை. பிறகு சேறு, கன்னங்கரேலென்று, வாந்திபோலக் குபுக் குபுக்கென்று வெளியே தள்ளியது. தனப்பிரியா தூரத்தில் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தான் கண்டது ஒருவேளை எங்கேயோ வழிந்துபோகிற தண்ணீரோ, பாறையில் எஞ்சிக்கிடந்த கடைசித் தண்ணீரோ என்று அப்போதுதான் முதன்முதலாக ஒரு சந்தேகம் வந்து உறுத்தியது. சேறு கொட்டிக்கொண்டே இருந்தது. இருபது நிமிஷம், அரை மணி. வீரபாகு கையை உயர்த்தி இன்னும் காற்றைக் கூட்டச் சொன்னார்.

பூமிக்கடியில் ஏதோ ஒன்று இருமியது. காலடியில் அதிர்வு ஏறியது. சேறு ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் சாம்பல் நிறத்தில் ஒரு தூண் கிளம்பி, மொட்டைத் தென்னைகளின் உயரத்துக்கு எழும்பி, அங்கே விரிந்து, எல்லோர் மேலும் விழுந்தது. வாய்க்குள் போன மண்ணை நாச்சிமுத்து துப்பவில்லை. நாக்கால் ருசி பார்த்தார். ஜெகதீஸ்வரன் வாயசைத்து என்னவோ கத்தினான், கம்ப்ரசர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சாம்பல் நிறம் வெளிறிக்கொண்டே வந்தது. வீரபாகு முழங்கால்வரை நனைந்துகொண்டு போய், ஓடும் தண்ணீரை அளந்து, மூன்று விரலைக் காட்டினார். மூன்று இஞ்ச் தண்ணீர், தோப்புக்குத் தாராளம்.

தனப்பிரியா பாவாயியைத் தேடினாள். கூட்டத்தில் அவள் இல்லை. தோப்பின் வரிசைக்குள், மம்பட்டியோடு, இடுப்பை வளைத்து, மூன்று வருஷமாக இறுகிப்போன வாய்க்காலை வெட்டித் திறந்துகொண்டிருந்தாள். கலங்கல் தண்ணீர் அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு, முதல் மரத்தடிக்குப் போய், வட்டமாக நின்று, மெல்ல உள்ளே இறங்கத் தொடங்கியது.